விரிந்த எல்லையும் விலங்கிட்ட கையும்

பதின்மூன்று மாநிலங்களாகப் பிறந்து, ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரைவரை பரந்து நின்ற அமெரிக்கக் குடியரசின் வளர்ச்சியை வியந்து பேசாத வரலாற்று ஏடு இல்லை. முடியரசை உதறி, மக்களே மன்னர் என்று முழங்கிய நாடு அது. மனிதர் அனைவரும் சமம் என்று 1776ஆம் ஆண்டிலே பறைசாற்றிய நாடு. அந்த முழக்கத்தை நாம் போற்றுகிறோம். போற்றுகிற காரணத்தாலேயே, எல்லை விரிய விரிய அந்த முழக்கம் என்ன ஆயிற்று என்று கேட்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

1790ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட முதல் குடிக்கணக்கின்படி அந்நாட்டின் மக்கள் தொகை 39 லட்சம். அவருள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். எழுபது ஆண்டுகள் கழித்து, 1860ஆம் ஆண்டுக் கணக்கிலே, அடிமைகள் மட்டும் 39 லட்சத்துக்கு மேல்! குடியரசு பிறந்த நாளிலே அந்நாட்டில் வாழ்ந்த மக்கள் அனைவரும் எத்தனை பேரோ, அத்தனை பேர் அதன் வளர்ச்சியின் உச்சத்திலே விலங்குடன் இருந்தனர். வளர்ச்சிக் கணக்கிலே இதனையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

இந்நிலை தானாக வந்ததன்று. அடிமைக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது மட்டும், ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கொள்ளுமாறு 1787ஆம் ஆண்டு வகுத்த அரசியல் சட்டம் இடம் தந்தது. சந்தையிலே மாடு, சபைக் கணக்கிலே மனிதன் — அதுவும் ஐந்தில் மூன்று பங்கு மனிதன்! உழைப்பும் ஆண்டைக்கு, அந்தத் தலைக்கணக்கால் வந்த அதிகாரமும் ஆண்டைக்கே. செனட் சபையிலோ, சிறிதாயினும் பெரிதாயினும் மாநிலம் ஒன்றுக்கு இரண்டு உறுப்பினர். ஆகவே புதிய நிலம் சேரும்போதெல்லாம், அங்கே அமையும் மாநிலத்தில் அடிமை முறை உண்டா இல்லையா என்ற கேள்வி, ஆட்சி யார் கையிலே என்ற கேள்வியாகவே மாறிற்று. அதே 1787இலே, ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று சட்டம் செய்தனர். தெற்கே அத்தகைய தடை எழவில்லை.

எல்லை விரிந்த கதையிலே நாம் நின்று நோக்கவேண்டிய ஆண்டு 1803. அமெரிக்கத் தலைவர் ஜெபர்சன், மிசிசிப்பி ஆற்றின் வாயிலிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை விலை பேசவே பாரிசுக்குத் தூதரை அனுப்பினார். நெப்போலியனோ, லூயிசியானா முழுவதையுமே விற்கிறேன் என்றான். 8 லட்சம் சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம். விலை 1½ கோடி டாலர். ஒரே கையெழுத்தில் நாட்டின் பரப்பு இருமடங்காயிற்று. பேரரசுக் கனவு கண்டவன் நிலத்தை ஏன் விற்றான்? ஐரோப்பியப் போருக்குப் பணம் தேவை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் கரிபியக் கடலிலே இருந்தது.

சேன் டொமிங் தீவின் கரும்புத் தோட்டங்களால் பிரெஞ்சு வணிகர் கொழுத்தனர். அங்கே 1791இலே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடிமையாய்ப் பிறந்த தூசேன் லூவர்த்தூர் அவர்களைப் படையாக்கினார். அடிமை முறையை மீட்க நெப்போலியன் அனுப்பிய பெரும்படை, போரிலும் மஞ்சள் காய்ச்சலிலும் அழிந்தது. தூசேன் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டையில் 1803 ஏப்ரல் 7ஆம் நாள் மாண்டார். ஏப்ரல் 30ஆம் தேதியிட்டு லூயிசியானா விற்பனை உடன்படிக்கை பிறந்தது. தீவு கைநழுவியபின், அதற்கு உணவளிக்கவிருந்த லூயிசியானாவால் நெப்போலியனுக்குப் பயன் ஏது?

அடிமைகள் குருதி சிந்தித் தம் தளையை அறுத்ததால், அமெரிக்காவுக்கு நிலம் கிடைத்தது. அந்த நிலத்திலே லூயிசியானா, மிசௌரி, அர்க்கன்சா என மூன்று அடிமை மாநிலங்கள் எழுந்தன! இதைவிடக் கசப்பான கைம்மாறு வரலாற்றிலே அரிது.

1793இலே பஞ்சையும் விதையையும் பிரிக்கும் பொறி வந்தபின், பருத்தி பெரும்பணமாயிற்று. புதிய தென்மேற்கு நிலம் கைகளைக் கேட்டது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்வது 1808 முதல் தடை செய்யப்பட்டிருந்தமையால், உள்நாட்டு வாணிபம் கொழுத்தது. வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் பேர் தெற்கே கொண்டு செல்லப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பு. தாய் ஒரு சந்தையிலே, சேய் ஒரு சந்தையிலே.

அந்நிலங்கள் வெற்று நிலங்களும் அல்ல. ஜார்ஜியாவில் வாழ்ந்த செரோக்கி மக்கள் தமக்கென எழுத்து கண்டனர். அரசியல் சட்டம் வகுத்தனர். 1828இலே செய்தித்தாளும் நடத்தினர். அவருள் வசதி படைத்தோர் அடிமைகளை வைத்திருந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1832இலே உச்ச நீதிமன்றம் அவர்கள் உரிமையை ஏற்றது. எனினும் 1838இலே படை வந்தது. மேற்கே துரத்தப்பட்டவருள் 4,000 பேர் அளவில் மாண்டனர். பண்பாடு பெற்றால் வாழவிடுவோம் என்ற பேச்சு, பருத்தி நிலத்தின் முன் நிற்கவில்லை.

மெக்சிகோ 1829இலே அடிமை முறையை ஒழித்தது. அதன் டெக்சாஸ் பகுதியிலே குடியேறிய அமெரிக்கர் 1836இலே தனிக்குடியரசு கண்டு, அடிமை முறையைச் சட்டத்திலேயே பொறித்தனர். 1845இலே டெக்சாஸ் அமெரிக்காவுடன் இணைந்தது; மறு ஆண்டே மெக்சிகோவுடன் போர். 1848இலே கலிபோர்னியா வரை நிலம் கிடைத்தது. கிடைத்த நிலம் சண்டையையும் உடன் கொணர்ந்தது. 1820இலே மிசௌரிக்காகச் செய்த சமரசத்தை 1854ஆம் ஆண்டுச் சட்டம் குலைத்தது. கன்சாசிலே குருதி ஓடியது. 1860இலே, புதிய நிலங்களில் அடிமை முறை பரவலாகாது என்ற லிங்கன் வென்றார். தென் மாநிலங்கள் பிரிந்தன; நான்காண்டுப் போர் மூண்டது. 1865இலே அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது.

நெப்போலியன் படையை வென்ற தீவு, 1804 சனவரி முதல் நாள் ஹைத்தி என்ற பெயரில் விடுதலை பெற்றிருந்தது. அமெரிக்காவோடு வாணிபம் செய்தது. ஆனால் அதனை ஒரு நாடாக ஏற்க, அமெரிக்கக் குடியரசு 58 ஆண்டுகள் மறுத்தது. ஆண்டைகளின் உறுப்பினர்கள் சபையை விட்டு வெளியேறிய பின்னரே, 1862இலே, அந்த ஏற்பு கிடைத்தது.