ஸகரிய்யா நபியும் எங்கள் ஊர் ஓடாவிமாரும்



போன தவணை ஆரம்பத்தில் வகுப்புப் பிள்ளைகளின் விபரப் படிவங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் ஒரு பிள்ளை முதலில் 'ஓடாவி' என்று எழுதி, பிறகு அதை வெட்டிவிட்டு 'வியாபாரம்' என்று எழுதியிருந்தார். அவருடைய வாப்பாவை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஊரில் எத்தனையோ வீடுகளின் நிலையும் கதவும் அவருடைய கைபட்டவை. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டோம்.

"ஓடாவி என்டா பொடியன்மார் சிரிப்பாங்க சேர்" என்றார்.

அந்த இடத்தில் சொல்ல எங்களுக்கு ஒரு நல்ல பதில் வரவில்லை. படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தோம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறோம். பெரியவர்களாகிய நாமும் வாசிக்க வேண்டிய பதில்தான் இது.

ஸஹீஹ் முஸ்லிமில் மிகச் சிறிய ஹதீஸ் ஒன்று இருக்கிறது. அறிவிப்பவர் அபூஹுரைரா (ரழி) அவர்கள். ஸகரிய்யா (அலை) அவர்கள் ஒரு தச்சராக இருந்தார்கள் என்பதுதான் அதன் செய்தி. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், அல்லாஹ்வின் நபி ஒருவர் ஓடாவியாக இருந்தார்கள். அவ்வளவுதான் ஹதீஸ். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு குர்ஆனில் அவர்கள் வரும் இடங்களை வாசித்துப் பாருங்கள். நான்கு சூராக்களில் ஏழு தடவை அவர்களுடைய பெயர் வருகிறது.

முதலில் அவர்கள் செய்த கித்மத். இம்ரானுடைய மனைவி தன் வயிற்றில் இருந்த பிள்ளையை அல்லாஹ்வுக்காக நேர்ந்துகொண்டார். பிறந்தது பெண் பிள்ளை, மர்யம் (அலை). பிள்ளையின் வாப்பா முன்னரே மௌத்தாகிவிட்டதாக முஃபஸ்ஸிர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பொறுப்பெடுக்கப் பலர் போட்டி போட்டார்கள். எழுதுகோல்களைப் போட்டுச் சீட்டுக் குலுக்குவது போலப் பார்த்ததில் பொறுப்பு ஸகரிய்யா நபிக்குக் கிடைத்தது. கையால் உழைத்துச் சாப்பிட்ட ஒரு மனிதர், பைத்துல் முகத்தஸில் ஒரு யதீம் பிள்ளைக்குக் காவலாக நின்றார்கள். மிஹ்ராபுக்குள் போகும் போதெல்லாம் பிள்ளையிடம் உணவு இருப்பதைக் கண்டு, இது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள். பொறுப்பெடுத்ததோடு கடமை முடிந்தது என்று விட்டுவிடவில்லை.

அந்தப் பிள்ளை சொன்ன பதில்தான் அவர்களுடைய மனதைத் திறந்தது. இது அல்லாஹ்விடமிருந்து வந்தது, அவன் நாடியவர்களுக்குக் கணக்கில்லாமல் கொடுக்கிறான் என்றார் மர்யம். அந்த இடத்திலேயே ஸகரிய்யா நபி துஆக் கேட்டார்கள். எலும்பு தளர்ந்துவிட்டது, தலை நரைத்துவிட்டது, மனைவிக்குப் பிள்ளைப்பேறு இல்லை. இதையெல்லாம் தன் ரப்பிடம் மெல்லிய குரலில், யாருக்கும் கேட்காமல் சொன்னார்கள். தனக்கும் யஃகூபுடைய குடும்பத்துக்கும் ஒரு வாரிசு வேண்டும் என்று கேட்டார்கள்.

என்ன வாரிசு? திமிஷ்க் நகரத்தின் பெரிய ஆலிம் இப்னு கதீர் (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் எழுதும்போது நாம் மேலே சொன்ன ஹதீஸைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஸகரிய்யா நபி தச்சு வேலை செய்து அந்த உழைப்பில் சாப்பிட்டவர், விட்டுப்போகப் பெரிய சொத்து எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை, ஆகவே கேட்டது நுபுவ்வத்துக்கான வாரிசைத்தான் என்பது அவர்களுடைய விளக்கம். ஓர் ஓடாவியின் துஆவில் காணியும் இல்லை, காசும் இல்லை. தீனைக் கொண்டுபோக ஒரு பிள்ளை வேண்டும் என்பதுதான் இருந்தது.

துஆ கபூலானது. மிஹ்ராபில் தொழுதுகொண்டு நிற்கும்போதே மலக்குகள் யஹ்யா (அலை) பற்றிய நற்செய்தியைச் சொன்னார்கள். அதற்கு முன்னர் யாருக்கும் வைக்கப்படாத பெயர் அது. அடையாளமாக மூன்று நாட்கள் ஸகரிய்யா நபியால் மனிதர்களோடு பேச முடியாது போனது. வெளியே வந்து, காலையிலும் மாலையிலும் தஸ்பீஹ் செய்யுங்கள் என்று சைகையால் மக்களுக்குச் சொன்னார்கள். பேச முடியாத நாளிலும் படிப்பித்தார்கள்.

இந்தக் கதை இதோடு முடியவில்லை. சிரியாவின் ஹலப் நகரில் இருக்கும் பெரிய பள்ளிவாசலில் ஸகரிய்யா நபியின் அடக்கஸ்தலம் இருப்பதாக அந்த ஊர் மக்கள் நம்பி வருகிறார்கள். அதே ஹலபில்தான் 1168ஆம் ஆண்டளவில் சுல்தான் நூருத்தீன் ஸன்கி ஒரு மிம்பர் செய்வித்தார். பைத்துல் முகத்தஸ் அப்போது சிலுவைப் படையினரின் கையில் இருந்தது. அது மீட்கப்படும் நாளில் மஸ்ஜிதுல் அக்ஸாவில் வைப்பதற்காகவே அந்த மிம்பரைச் செய்யச் சொன்னார். ஹலபின் தச்சர்கள் சின்னச் சின்ன மரத்துண்டுகளை, ஆணியும் இல்லாமல் பசையும் இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்று பூட்டிச் செய்தார்கள். தங்கள் பெயர்களையும் அந்த மரத்திலேயே செதுக்கினார்கள்.

நூருத்தீன் 1174இல் மௌத்தானார். 1187இல் ஸலாஹுத்தீன் ஐயூபி பைத்துல் முகத்தஸை மீட்ட பிறகு அந்த மிம்பரைக் கொண்டுவந்து அக்ஸாவில் வைத்தார். ஏறத்தாழ 780 வருடங்கள் அதில் ஏறித்தான் குத்பா ஓதினார்கள். 1969 ஓகஸ்ட் 21இல் அவுஸ்திரேலியர் ஒருவர் வைத்த தீயில் அது எரிந்து போனது. அதே போல இன்னொன்றைச் செய்யலாம் என்று முயன்றபோது, அந்தப் பழைய தச்சர்களின் கணக்கு லேசில் பிடிபடவில்லை. பல வருட உழைப்புக்குப் பிறகு ஜோர்தானில் செய்து முடித்து, 2007இல்தான் புதிய மிம்பரை அக்ஸாவில் வைத்தார்கள். சுல்தான்களின் பெயர் எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஓடாவிமாரின் வேலையைத் திரும்பச் செய்யத்தான் இந்தக் காலத்துப் படிப்புக்கும் இவ்வளவு கஷ்டம்.

நபி (ஸல்) அவர்களுடைய மிம்பரும் ஒரு தச்சரின் கைவேலைதான். அன்ஸாரிப் பெண் ஒருவரிடம் சொல்லியனுப்பி, அவருடைய அடிமையாக இருந்த தச்சரைக் கொண்டு, காபா என்ற காட்டுப் பகுதியின் மரத்தில் செய்வித்ததாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது.

இப்போது எங்கள் ஊரைப் பார்ப்போம். நாம் தலை வைத்துப் படுக்கும் கட்டில், பிள்ளைகள் குர்ஆன் ஓதும் ரேஹால், கடைசியில் நம்மைத் தூக்கிப் போகும் சந்தூக் எல்லாம் யாரோ ஓர் ஓடாவி செய்தவை. ஆனால் கூலி பேசும்போது இழுபறி செய்கிறோம், வேலை முடிந்த பிறகு நாளைக்கு வாங்க என்கிறோம். கல்யாண வீட்டில் முன் கதிரை யாருக்கு என்பதும் நமக்குத் தெரியும். பொடியன்மாருக்குச் சிரிக்கப் பழக்கியது நாம்தான். டொக்டராகட்டும், இன்ஜினியராகட்டும் என்று துஆக் கேட்பதில் பிழையில்லை. அதற்காக ஒரு பிள்ளை வாப்பாவின் தொழிலை வெட்டி எழுதும் நிலை வரக்கூடாது.

நேற்று அந்த வாப்பாவைச் சந்தித்தோம். ஆணி அடிக்காமல் இரண்டு பலகையைப் பூட்டுவது எப்படி என்று வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நமக்குப் படிப்பிக்கத் தெரியாது சேர், செஞ்சு காட்டுவன்" என்றார். வருகிற கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ். படிவத்தை இன்னும் அலுவலகத்துக்குக் கொடுக்கவில்லை. அவர் வந்து போன பிறகு, அதைத் திருத்தி எழுதச் சொல்லிப் பிள்ளையிடமே கொடுப்போம்.

உங்கள் வீட்டுக் கதவைச் செய்த ஓடாவியார் யார்? உயிரோடு இருந்தால் ஒரு ஸலாம் சொல்லுங்கள், கொடுக்க வேண்டிய கூலி மிச்சமிருந்தால் இன்றைக்கே கொடுங்கள். மௌத்தாகியிருந்தால் அவருக்காக ஒரு துஆ.