மூலம் எது என்னும் கேள்வி

மிஷ்கினின் 'நந்தலாலா' 2010 நவம்பர் இறுதியில் வெளியானது. அடுத்து வந்த பௌர்ணமியன்று நாங்கள் ஐந்து பேர் திருவண்ணாமலையில் மலை சுற்ற நடந்தோம். பதினான்கு கிலோமீட்டர். பக்தி எங்களில் இருவருக்கு உண்டு. மற்ற மூவரும் பேசுவதற்காக நடப்பவர்கள். அன்றைய பேச்சு, அவரவருக்கு மிகப் பிடித்த தமிழ்ப்படம் எது என்பதில் தொடங்கியது. ஓய்வு பெற்ற ஆசிரியரான எங்கள் மூத்த நண்பர் 'அந்த நாள்' என்றார். ஒருவர் 'நாயகன்' என்றார். இன்னொருவர் 'அழியாத கோலங்கள்'. கூட்டத்தில் இளையவர், இரண்டு வாரங்களுக்கு முன்பு பார்த்துவிட்டு வந்த 'நந்தலாலா'வின் பெயரைச் சொன்னார். எங்கள் வாக்கு 'வீடு' படத்துக்கு.

அக்னி லிங்கத்தைத் தாண்டுவதற்குள் பேச்சு திசை மாறிவிட்டது. 'நாயகன்' சொன்ன நண்பர் பர்மா பஜாரில் வாங்கிய குறுந்தகட்டில் தகேஷி கிதானோவின் 'கிகுஜிரோ'வைப் பார்த்திருந்தார். "தம்பி, நீ பார்த்தது ஜப்பான்காரன் 1999இல் எடுத்த படம்" என்றார். இளையவர் விடவில்லை. "அப்படியானால் உங்கள் நாயகன் யாருடைய படம் அண்ணா?" என்று திருப்பிக் கேட்டார். அதன்பின் ஒவ்வொருவரும் மற்றவருடைய படத்தின் மூலத்தைத் தோண்டினார்கள். ஐந்தில் நான்கு படங்கள் அந்த இரவிலேயே களவுப் பொருளாக அறிவிக்கப்பட்டன.

அந்த உரையாடலை இன்று நினைத்துப் பார்க்கும்போது, படங்களைவிட எங்களைப் பற்றியே அது அதிகம் சொன்னதாகத் தோன்றுகிறது. இத்தகைய வழக்கை விசாரிக்கும் தகுதி தமிழ் ரசிகனுக்கு எப்போது வந்தது? 1970களிலும் 80களிலும் வெளிநாட்டுப் படம் என்பது பெருநகரத் திரைப்படச் சங்கத்தின் உறுப்பினருக்கே எட்டும் பொருளாக இருந்தது. சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாவில் சங்கம் தொடங்கியது 1947இல்; இந்தியச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது 1959இல். திருவண்ணாமலை போன்ற ஊர்களில், அத்தகைய படம் எப்போதாவது ஓர் அமைப்பின் முயற்சியால் வாடகைக் கருவியில் ஓடினால் உண்டு. இரண்டாயிரத்துக்குப் பின் குறுந்தகடு மலிந்தபோதுதான் நிலைமை மாறியது. இயக்குநர் பார்த்த படத்தை ரசிகனும் பார்த்தான். அதுவரை ஒரு படத்தின் மூலம் எது என்பது, பார்த்தவர் சொல்லக் கேட்டு நம்பும் செய்தியாகவே இருந்தது.

அப்படிக் கேட்டு நம்பியதில் நாங்கள் ஒரு முறை நன்றாகச் சறுக்கியிருக்கிறோம். 'அந்த நாள்' 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாடலே இல்லாத முதல் தமிழ்ப்படம். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட காலத்தில், ஒரு வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். யார் கொன்றார் என்று விசாரிக்க வருகிறார், திரைக்கதையை எழுதியவருமான ஜாவர் சீதாராமன். பல வாய்களில் பல கதைகள். குரோசாவாவின் 'ரஷோமான்' 1951இல் வெனிஸில் பரிசு பெற்று உலகமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே "அந்த நாள், தமிழ் ரஷோமான்" என்ற வாக்கியம் தலைமுறைகளாக நம் நாவில் இருக்கிறது. நாங்களும் ஒரு கூட்டத்தில் அதைப் பெரிய கண்டுபிடிப்புபோலப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம்.

பிற்பாடு ஆண்டனி ஆஸ்குவித் 1950இல் எடுத்த 'தி வுமன் இன் க்வெஸ்சன்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்க்க வாய்த்தது. ஒரு பெண் கொல்லப்பட்டிருக்கிறாள், காவல்துறை விசாரிக்கிறது, சாட்சி சொல்லும் ஒவ்வொருவர் பேச்சிலும் அவள் வேறொருத்தியாகத் தெரிகிறாள், முடிவில் உண்மை வெளிப்படுகிறது. 'ரஷோமான்' ஒரே நிகழ்ச்சியை நான்கு விதமாகச் சொல்லி, உண்மை எது என்பதை நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விடும். 'அந்த நாள்' அப்படிப்பட்டதன்று. அதில் விசாரணை உண்டு, தீர்வு உண்டு. இறந்தவன் எத்தகையவன் என்பதே அங்கே பெரிய புதிர். அதன் உறவு ஆங்கிலப் படத்தோடுதான் நெருக்கம். திரை வரலாறு எழுதுவோரும் இதைச் சுட்டியிருக்கிறார்கள். ஆனால் போர்க்காலச் சென்னையும், தேசத்துரோகம் என்ற கேள்வியும், ஒரு மனைவியின் சங்கடமும் அந்த ஆங்கிலப் படத்தில் இல்லை. கொலையாளி யார் என்பதை, இன்னும் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறோம். திருட்டுக் குற்றம் சாட்டியவர்கள் நாங்கள். பொருள் எந்த வீட்டிலிருந்து போனது என்பதையே தப்பாகச் சொல்லியிருந்தோம்.

மூத்த நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டார். "எனக்கு அது சிவாஜி சுடப்பட்டு விழும் படம் சார், அவ்வளவுதான்" என்றார். அதற்குமேல் அவர் வாதிக்கவில்லை.

'நாயகன்' வழக்கு நீளமானதன்று. 1972இல் வந்த 'காட்ஃபாதர்' இல்லாமல் 1987இன் 'நாயகன்' இல்லை என்பதை அதன் பரம ரசிகரும் ஒப்புக்கொள்வார். பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கை இல்லாமலும் அது இல்லை. 2005இல் டைம் இதழின் நூறு படங்களின் பட்டியலில் இரண்டுமே இடம்பெற்றன. அதற்குப் பிறகும் இந்த வாதம் தீர்ந்தபாடில்லை என்பது வேறு விஷயம்.

மலைப்பாதையில் ரமணாசிரமம் வருகிறது. எங்கள் சண்டைக்கு ஒரு திருப்பம் அங்கேதான் கிடைத்தது. 1938இல் சாமர்செட் மாம் இந்த ஆசிரமத்துக்கு வந்தார், வந்த இடத்தில் மயக்கமுற்றார், ரமணரைக் கண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1944இல், 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவல் வெளியானது. அதில் வரும் இந்திய ஞானிக்கு வேறு பெயர். இடம் திருவிதாங்கூர்ப் பக்கம். 1946இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியபோது, கதாநாயகன் லாரி ஞானம் தேடி ஏறுவது இமயமலைக்கு. வேட்டி நனைய வியர்த்தபடி நாங்கள் நடந்துகொண்டிருந்த இந்தச் செம்மண் குன்று, ஸ்டூடியோவில் எழுப்பிய பனிமலையாக மாறிவிட்டிருந்தது.

எங்கள் ஊர்க்காரர் எவரும் மாமைத் திருடர் என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. பெருமையாகத்தான் சொல்வார்கள். நம்மிடமிருந்து எடுத்தால் பெருமை, நாம் எடுத்தால் அவமானம் என்ற இந்தக் கணக்கு சரிதானா என்று இளைய நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் மாம் செய்த இரண்டு காரியங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாவலின் பெயரைக் கடோபநிஷத்திலிருந்து எடுத்தவர், அதை நூலின் முகப்பிலேயே அறிவித்தார். 1958இல் வெளிவந்த கட்டுரை நூலில், தாம் இங்கு வந்ததையும் ரமணரைக் கண்டதையும் விரிவாக எழுதினார். நாவலுக்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு; தாமதம்தான். இருந்தாலும் கடனைப் பதிவு செய்துவிட்டார்.

இந்த இடத்தில் 'அழியாத கோலங்கள்' சொன்ன நண்பரின் கதைக்கு வர வேண்டும். அவர் கிராமத்தில் வளர்ந்தவர். பாலு மகேந்திரா 1979இல் எடுத்த அந்தப் படத்தை, தன் பால்யத்தை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எடுத்ததாகவே நம்பியவர். மூன்று சிறுவர்கள், ஊருக்கு வரும் ஆசிரியையாக ஷோபா, வயல்வெளி, ஆறு. பல ஆண்டுகள் கழித்து 'சம்மர் ஆஃப் ஃபார்ட்டி டூ' என்ற 1971ஆம் ஆண்டின் அமெரிக்கப் படத்தைப் பார்த்தார். அங்கும் மூன்று பையன்கள். அங்கும் வயதில் மூத்த ஒரு பெண். பின்னாளில் நினைத்துப் பார்க்கும் அதே தொனி. படம் முடிந்தபின் தம்மால் எழுந்திருக்க முடியவில்லை என்றார். அதன்பின் வெகு காலம் அவர் 'அழியாத கோலங்க'ளைப் பார்க்கவே இல்லை. "என் ஊரை வைத்து எவனோ ஊர்க் கதையைச் சொல்லி என்னை அழ வைத்துவிட்டார்கள்" என்றார். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பாலு மகேந்திராவிடம் இந்த வழக்கு எளிதில் முடிவதில்லை. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். பள்ளிச் சுற்றுலாவில், டேவிட் லீன் இலங்கையில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர். லீன் 'மழை' என்று குரல் கொடுத்தவுடன் மழை பெய்ததையும், அன்றே தாம் இயக்குநராக முடிவு செய்ததையும் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆக, அவருடைய கனவின் தொடக்கமே இன்னொருவரின் படப்பிடிப்புத் தளம். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று தங்கப் பதக்கம் பெற்றார். 1980இன் 'மூடுபனி' ராஜேந்திரகுமாரின் நாவலிலிருந்து எழுந்தது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வின் நிழலும் அதில் உண்டு. 'ரெட்டை வால் குருவி'யைப் பார்த்தவர் 1984இன் 'மிக்கி அண்ட் மாட்' படத்தையும் பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பார். 2003இன் 'ஜூலி கணபதி' 'மிஸரி'யின் வழியில் நடப்பது. 'மறுபடியும்' மட்டும் மகேஷ் பட்டின் 'அர்த்' படத்தின் வெளிப்படையான மறுஆக்கம்.

இதே மனிதர்தான் 'ரெட்டை வால் குருவி'யையும் 'வீடு' படத்தையும் தந்தார். எந்த ஊர்ப் படத்திலிருந்தும் 'வீடு' வந்ததாக இதுவரை எவரும் எங்களிடம் நிரூபிக்கவில்லை. சென்னையில் ஒரு நடுத்தர வர்க்கப் பெண் வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவே கதை. அர்ச்சனாவும் சொக்கலிங்க பாகவதரும் நடித்திருக்கிறார்கள். பாட்டு கிடையாது. தம் இளம் வயதில் வீடு கட்டத் தொடங்கியபின் தம் தாயார் மாறிப்போனதே அதற்கு வித்து என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். பின்னணியில் ஒலிக்கும் இசை இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்தது. 1986இல் வந்த அந்தத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியிருந்தார் ராஜா. பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகவே அதில் ஒரு துண்டுக்குப் பெயர் வைத்தார். யாரிடம் கற்றோம் என்று உரக்கச் சொன்னதால் அந்த இசை யாருக்கும் குறைந்ததாகப் படவில்லை.

எங்களுக்குப் பாலு மகேந்திரா மீது இருக்கும் வருத்தமும் இவ்வளவுதான். எடுத்தது பற்றி வருத்தமில்லை. அதைப் பார்வையாளரிடம் சொல்லும் பழக்கம் நம் திரையுலகில் வேரூன்றாமல் போனதைப் பற்றித்தான். அவரே, இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிச் சன் தொலைக்காட்சியில் 'கதை நேரம்' தொடரைச் செய்தபோது, தமிழ்ச் சிறுகதைகளை எழுதியவர் பெயரைச் சொல்லித்தான் எடுத்தார். எழுத்தாளனுக்கு அளித்த அந்த மரியாதையை அமெரிக்க இயக்குநருக்கும் அளித்திருந்தால், எங்கள் நண்பர் இத்தனை ஆண்டுகள் ஒரு படத்தை இழந்திருக்க வேண்டாம்.

இனி 'நந்தலாலா'. அந்தப் பௌர்ணமி முடிந்த வாரத்திலேயே ஒரு வீட்டு மாடியில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டோம். தாயைத் தேடிப் போகும் ஒரு சிறுவன், துணைக்குப் பொறுப்பில்லாத ஒரு வளர்ந்த ஆள், வழியெல்லாம் விநோத மனிதர்கள் என்ற சட்டகம் ஒன்றே. அதில் ஐயமில்லை என்று இளையவரும் ஒப்புக்கொண்டார். கிதானோவின் படத்தில் அந்த ஆள் ஒரு வெட்டி ரவுடி. தம் தந்தையின் பெயரையே கிதானோ அந்தப் பாத்திரத்துக்கு வைத்தார். கோடை விடுமுறை, விளையாட்டு, ஒரு புன்னகையோடு கைவிடப்படும் துக்கம். மிஷ்கின் தாமே நடித்த பாஸ்கர் மணி, மனநல விடுதியிலிருந்து தப்பி வருகிறவன். அவனுக்கும் தேட ஒரு தாய் இருக்கிறாள். தன்னை விட்டுப் போனவளை அறையப் போகிறவன் அவன். ஜப்பானியப் படம் தாயின் விஷயத்தை ஓரமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது; தமிழ்ப்படம் அங்கேயே விழுந்து கிடக்கிறது. பாஸ்கர் மணி தன் தாயைக் கண்டடையும் காட்சியில் ரோகிணியைப் பார்த்த எவரும் ஜப்பானை நினைத்திருக்க முடியாது என்றார் இளையவர். எங்களில் மூவர் அதை ஏற்றோம். 'நாயகன்' நண்பர் ஏற்கவில்லை. அழகான வீடுதான், ஆனால் மனை பட்டா யார் பெயரில் என்பதே தன் கேள்வி என்றார். இன்றுவரை அவர் கட்சி அதுதான்; அதில் நியாயமில்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

இந்த ஊரில் இலக்கியமும் திரைப்படமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பழகியவை. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகளில் விடிய விடியக் கதையும் பாட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பவா செல்லதுரை கதையும் சொல்வார், 'ஜோக்கர்' படத்தில் நடிக்கவும் செய்வார். மம்முட்டியின் நினைவுக் குறிப்புகளைத் தமிழில் தந்தவர் இவ்வூர் கே.வி. ஷைலஜா, அந்த நூலுக்கு அவர் வைத்த பெயர் 'மூன்றாம் பிறை'. பாலு மகேந்திராவின் படத் தலைப்பு என்று யாரும் வழக்குப் போடவில்லை.

பாலு மகேந்திரா 2014 பிப்ரவரியில் மறைந்தார். 'வீடு' படத்துக்காக எழுப்பிய அந்தக் கட்டடம்தான் பின்னர் அவருடைய சினிமாப் பட்டறை இயங்கிய இடமாயிற்று. படத்தின் நெகட்டிவ் அழிந்துபோனதை அவரே பல மேடைகளில் வருந்திச் சொல்லியிருக்கிறார். 'சந்தியா ராகம்' படத்துக்கும் அதே கதி. அவர் இறந்த வாரம் நாங்கள் ஐவரும் கூடி 'வீடு' பார்த்தோம். எந்தப் பிரதியின் பிரதியோ தெரியாது; நிறம் வெளுத்து, பாகவதர் நடந்து வரும் காட்சியில் முகம் கலங்கியிருந்தது. 'அழியாத கோலங்கள்' நண்பர் திரைக்கு அருகில் போய் உட்கார்ந்துகொண்டார். படம் முடிந்ததும், தன்னிடம் இருக்கும் பழைய வீடியோ கேசட்டில் இதைவிடத் தெளிவாக இருக்கும் என்று சொல்லி, அதைத் தேடி எடுத்துவர வண்டியில் கிளம்பினார். வரும்போது இரண்டு கேசட் கொண்டுவந்தார்.