சாமி வெள்ளி: முத்திரை ஒருத்தருக்கு, கைவேலை இன்னொருத்தருக்கு

மவுண்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸ் என்றால் நம்மில் பலருக்குக் கடிகாரம்தான் ஞாபகம் வரும். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் கம்பெனிக்கு வெள்ளிச் சாமான்களாலும் நல்ல பேர் இருந்தது. டீ பாட், பால் ஜாடி, தட்டு என்று எல்லாவற்றிலும் நம் சாமி உருவங்கள். அதனால் 'சாமி வெள்ளி' என்றே பேர். வேல்ஸ் இளவரசருக்கு 1875-76 இந்தியப் பயணத்தில் கிடைத்த அன்பளிப்புகளில் இந்தக் கம்பெனியின் டீ செட்டும் ஒன்று.

பாத்திரம் இங்கிலீஷ் பாணி. கைவேலை நம் பத்தர்களுடையது. தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டி உருவத்தை எழுப்புவார்கள். பிறகு அரக்கில் பதித்து, சின்ன உளியால் கண், மூக்கு, நகையெல்லாம் எடுப்பார்கள். இதுதான் நகாசு வேலை.

கவிழ்த்துப் பார்த்தால் அடியில் இருப்பது கம்பெனி முத்திரை. செய்தவர் பேர் இல்லை. கட்ச் பகுதியின் பூஜ் நகரில் ஊமர்சி மாவ்ஜி தன் பேரின் முதல் எழுத்துக்களான 'ஓ.எம்.' என்பதையே முத்திரையாகக் குத்தினார். அதனால் அவரை இன்றும் உலகம் தேடுகிறது. நம் பத்தர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போச்சு.

நண்பர்களே, பாட்டி வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க. உருக்கினால் வெள்ளி மிஞ்சும், வேலை போய்விடும். யார் செய்தது என்று பெரியவர்களுக்குத் தெரிந்தால் கேட்டு எழுதி வையுங்கள்.