வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வீடு தேடிப் போகிறவரிடம் தரகர் முதலில் கேட்பது, 'வாடகைக்கா, போக்கியத்துக்கா?' என்றுதான். தென் மாவட்டங்களில் போக்கியத்துக்கு ஒத்தி என்று பெயர், இளவட்டங்களுக்கு லீஸ். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியேறலாம், மாத வாடகை கிடையாது. இரண்டோ மூன்றோ வருடம் கழித்துக் காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை என்று இரு தரப்பும் திருப்தியோடு சொல்லிக்கொள்வார்கள்.

ஏற்பாடு மிகப் பழையது. நிலத்தை ஒற்றி வைத்த செய்திகள் தமிழ்க் கல்வெட்டுகளிலேயே உண்டு. மலபாரில் காணம், ஒட்டி என்ற பெயர்களில் நிலத்தை வைத்துப் பணம் வாங்குவது பெரும் வழக்கமாக இருந்தது. 12 ஆண்டுகள் முடியும் முன் மீட்க முடியாது என்பது அங்கே விதி. ஆங்கிலேயர்கள் 1882இல் சொத்து மாற்றுச் சட்டம் எழுதியபோது, 58ஆம் பிரிவில் அடமான வகைகளுள் ஒன்றாகப் போக்கியத்தையும் சேர்த்தார்கள். ஆக, சட்டத்தின் கண்ணில் வீட்டுக்காரர் கடனாளி, குடியிருப்பவர் கடன் கொடுத்தவர். போக்கியத்துக்கு விட்ட வீட்டுக்காரர்களில் பலருக்கு இது கடன் என்ற நினைப்பே வருவதில்லை. சிக்கல் முழுவதும் அந்த மறதியிலிருந்துதான் கிளம்புகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் ஊர்களில் மொத்தத் தொகைக்குத் தனி மவுசு இருந்ததற்குக் காரணம் உண்டு. தோல் வியாபாரம் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தொழில். பச்சைத் தோலைக் காசு கொடுத்து வாங்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பதப்படுத்தி, சென்னைப் பெரியமேட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேற்றி, பிறகுதான் வரவு. 1970களின் தொடக்கத்தில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டது. முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் தொழில் நகர்ந்தது. காலணித் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். குடியிருக்க வீடும் தேவைப்பட்டது.

வீடு கட்டப் பணம்? வீட்டுக் கடனுக்கென்றே தொடங்கிய எச்.டி.எஃப்.சி. நிறுவனம் பிறந்ததே 1977இல்தான். தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது 1988இல். அதுவரை நடுத்தரக் குடும்பத்துக்குச் சீட்டு, நகை அடகு, கைமாற்று, கூட்டுறவுச் சங்கம், இல்லையென்றால் போக்கியம். கீழ்த்தளத்தைக் கட்டிப் போக்கியத்துக்கு விட்டு, வந்த பணத்தில் மாடி எழுப்பி, மாடியையும் போக்கியத்துக்கு விடுவது. கையில் பெரிதாகக் காசு இல்லாமலே இரண்டு வீட்டுக்குச் சொந்தக்காரராகிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 லட்சம் போக்கியம் வாங்கிய வீட்டுக்கு மாதம் 5,000 ரூபாய் வாடகை வரும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60,000 வாடகை போயிற்று. அதாவது 12 சதவீத வட்டி. வங்கி வீட்டுக் கடன் பல காலம் இதைவிட மலிவாகவே கிடைத்திருக்கிறது. வீட்டு வரியும், வெள்ளையடிப்பதும், மோட்டார் பழுதும் பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான். வங்கித் தவணை கட்டினால் அசல் மாதாமாதம் கொஞ்சமாவது குறையும். போக்கியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

அசலைத் திருப்பும் நாளை ஊரே அறிந்த ஒரு வித்தையால் சமாளிக்கிறார்கள். கூடத்தில் ஒரு பக்கம் பழைய குடித்தனக்காரர், மறுபக்கம் புதியவர். புதியவர் நீட்டிய கட்டு வீட்டுக்காரர் கையைத் தொட்டுவிட்டு அப்படியே பழையவரிடம் போகிறது. அவர் எண்ணி முடித்து, கடைசி மூட்டையை வண்டியில் ஏற்றிய பிறகே சாவியைத் தருகிறார். தரகர் இருபக்கமும் கமிஷன் வாங்கிக்கொள்கிறார். புதியவர் வராவிட்டால்தான் வம்பு. அந்த ஆபத்து தொழிலிலிருந்தே வரலாம். 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காதவற்றை மூடச் சொன்னது. ஒரே தொழிலை நம்பிய ஊரில் தொழில் ஆடினால், குடித்தனக்காரர்கள் பணத்தைக் கேட்பதும் புதியவர்கள் குறைவதும் ஒரே சமயத்தில்தான் நடக்கும்.

தென்கொரியாவில் இதன் இரட்டைப் பிறவி ஒன்று இருக்கிறது, பெயர் ஜொன்சே. அங்கும் தொழில் வளர்ந்த காலத்தில் வங்கிக் கடன் ஆலைகளுக்குப் போய்விட, வீட்டுக்காரர்கள் குடியிருப்பவர்களிடமே மொத்தமாகக் கடன் வாங்கினார்கள். 2022இல் வீட்டு விலை சரிந்தபோது, அந்தப் பணத்தைக் கொண்டே நூற்றுக்கணக்கில் வீடு வாங்கிக் குவித்தவர்களால் திருப்பித் தர முடியவில்லை. பணத்தை இழந்த குடித்தனக்காரர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2023இல் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சிறப்புச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் இன்னொரு கேள்வியும் உண்டு. வட்டி கூடாது என்பவர்களுக்குப் போக்கியம் தோதான ஏற்பாடுபோலத் தெரியும். ஆனால் கடனுக்கு ஈடாக வந்த வீட்டை இலவசமாக அனுபவிப்பதே வட்டிதான் என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதனால் பெரிய அட்வான்ஸோடு பெயருக்கு ஒரு சிறு வாடகையும் பேசிக்கொள்பவர்கள் உண்டு. அதுவும் கண்துடைப்புதான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

காகிதம்தான் போக்கியத்தின் பலவீனமான இடம். நூறு ரூபாய்க்குக் குறையாத இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். சுவாதீனத்தோடு கூடிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 5 லட்சத்துக்கு 25,000 ரூபாய் செலவு. அதை மிச்சம் பிடிக்க மலிவான முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கடன் வில்லங்கச் சான்றில் தெரியாது. அதே வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கவும் வழி பிறக்கிறது. தவணை தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி சிவில் வழக்குப் போடாமலே வங்கி வீட்டைக் கைப்பற்ற முடியும். அந்த மலிவுத் தாளோடு நிற்பவர் தன் 5 லட்சத்துக்கு வீட்டுக்காரர் மேல் தனியாக வழக்குப் போட்டு அலைய வேண்டியதுதான்.

இப்போது போக்கியக்காரரை அனுப்புவதற்கென்றே வங்கியில் கடன் வாங்கி, வீட்டை வாடகைக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகை தவணைக்குப் போதாதபோது, மாடியை மறுபடி போக்கியத்துக்கு விடச் சொல்லித் தரகரிடம் வருகிறார்கள்.