கஸ்பாவின் ஒளி

'அல்ஜியர்ஸ் சமர்' (1966) பற்றி எழுதுவோர் இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோவைப் பேசுவர். இசையமைத்த எனியோ மொரிக்கோனேயைப் பேசுவர். ஒளிப்பதிவாளர் மார்செல்லோ காத்தியின் பெயரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பார்த்தவர் மனதில் எஞ்சுவது என்னவோ அவருடைய ஒளிதான்.

காத்தி இத்தாலியர். 1943 இல் ஜெர்மனியப் படைகளுக்கு எதிராக நேப்பிள்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்ததைச் சொல்லும் 'நேப்பிள்ஸின் நான்கு நாட்கள்' (1962) படத்துக்கும் அவரே ஒளிப்பதிவாளர். கறுப்பு வெள்ளையில் தெருச்சண்டையைப் படமாக்குவது அவருக்குப் புதிதன்று.

அல்ஜியர்ஸில் அவர் செய்தது வேறொன்று. பிம்பத்தை வேண்டுமென்றே கெடுத்தார். பிரதியிலிருந்து மறுபடியும் நெகட்டிவ் எடுத்து, புள்ளிகளைத் தடிக்கச் செய்து, செய்திப்படச் சுருளின் சொரசொரப்பை வரவழைத்தார். தொலைவில் நின்று நீள்வில்லையால் கூட்டத்தைப் பிடித்தார். செய்திப்படத்தின் ஓர் அடிகூட இதில் இல்லை என்ற அறிவிப்பை அமெரிக்காவில் படத்துடன் சேர்க்க வேண்டியதாயிற்று!

இது ஏமாற்று அல்லவா என்று கேட்கலாம். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் அல்ஜீரியாவில் நடந்ததை 'யுத்தம்' என்று பிரெஞ்சு அரசு சட்டப்படி ஏற்றதே 1999 இல்தான். சித்திரவதை நடந்த அறைகளுக்குள் செய்திப்படக் கமரா போகவில்லை. இல்லாத சாட்சியை ஒருவர் உருவாக்கத்தான் வேண்டியிருந்தது.

அந்தச் சாட்சி ஒருதலைப்பட்சமானதுமல்ல. தேநீர்ச்சாலையில் குண்டை வைக்க வந்த பெண்ணின் கண்கள் சுற்றியிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கின்றன. ஐஸ்கிரீம் சுவைக்கும் பிரெஞ்சுக் குழந்தையும் அவர்களில் ஒன்று. கஸ்பாவின் முகங்களுக்குக் கொடுத்த அதே நெருக்கத்தை காத்தி இந்த முகங்களுக்கும் கொடுக்கிறார். விடுதலையை ஆதரிக்கும் நம்மவர்கள் இந்தக் காட்சியை விரைந்து கடந்துவிடுகிறோம், கமரா கடக்கவில்லை. 2003 இல் பென்டகன் இப்படத்தைத் தன் அதிகாரிகளுக்குத் திரையிட்டது. அவர்கள் எந்த முகத்தில் தங்கினார்களோ!

மார்லன் பிராண்டோ நடித்த 'கெய்மாடா'வில் (1969) வண்ணத்துக்குச் சென்றார். அதைவிட முக்கியம் 1975. அல்ஜீரிய இயக்குநர் முஹம்மத் லக்தர் ஹமீனாவின் 'தணல் ஆண்டுகளின் வரலாறு' அவ்வாண்டு கான் விழாவின் உயர் விருதான தங்க ஓலையைப் பெற்றது. ஆபிரிக்கக் கண்டத்துக்கு அது முதல் தடவை. வரட்சியில் வெடித்த நிலத்திலிருந்து 1954 நவம்பர் எழுச்சி வரை நீளும் அப்படத்தை ஒளிப்பதிவு செய்தவரும் காத்திதான். இம்முறை சொரசொரப்பு இல்லை, வண்ணத்தில் விரிந்த மண். அவர் 2013 இல் காலமானார்.