கர்ணன் ஏன் இரண்டாம் முறை விடவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி தோழிகளுடன் ஒரு விளையாட்டு ஆடுகிறாள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருத்தி வாள்வீராங்கனை, ஒருத்தி மந்திரவாதி, ஒருத்தி திருடி. கதை முழுவதும் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறது. அடி பட்டதா, தப்பியதா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்கிறது. ஒருவர் மட்டும் தனி வேடம் கட்டாமல் கதையை நடத்துபவராகவும் நடுவராகவும் இருக்கிறார். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மூன்று சிறு புத்தகங்களாக இதை வெளியிட்டார்கள்.

பேத்தி சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஆடுகிற நேரத்தை விட விதியைப் பற்றிச் சண்டை போடுகிற நேரம்தான் அதிகமாம். உதாரணமாக, மந்திரவாதி ஒரு மந்திரத்தை மனத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அப்போது எதிரி அடித்துவிடுகிறான். மந்திரம் கலையுமா? இப்போதைய விதிப்படி பகடை உருட்ட வேண்டும். பத்து, அல்லது வாங்கிய அடியில் பாதி, இரண்டில் எது பெரியதோ அந்த எண்ணையாவது எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மந்திரம் கலைந்துவிடும். மனத்தை நிறுத்திச் செய்யும் இன்னொரு மந்திரத்தைத் தொடங்கினாலும் முதல் மந்திரம் போய்விடும். புத்தகத்தில் இவ்வளவு எழுதியிருந்தும் சந்தேகம் தீரவில்லை. அதனால் 'டிராகன்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் விதி விளக்கத்துக்கென்றே 'சேஜ் அட்வைஸ்' என்ற கேள்வி-பதில் பகுதி பல ஆண்டுகள் வந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்ப்பக்கத்துப் பாரதச் சொற்பொழிவுதான் நினைவுக்கு வந்தது. திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி என்று நம் பக்கம் எங்கே திரௌபதி அம்மன் கோயில் இருந்தாலும் கோடையில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார். பிற்பாதி நாட்களில் இரவு முழுக்கக் கூத்து. கடைசியில் படுகளம், தீமிதி. புரிசை போன்ற ஊர்கள் இந்தக் கூத்துக்காகவே பெயர் பெற்றவை.

இது எவ்வளவு பழைய வழக்கம் தெரியுமா? ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டைப் பாருங்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள கூரத்தில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரதம் வாசிப்பது பங்கு ஒதுக்கி நடத்திய ஒரு பணி. மண்டபத்தில் வைத்து வாசித்தால் கேட்க ஊரார் வந்திருப்பார்கள். கேட்பவர்கள் இருந்தால் சந்தேகமும் வரத்தானே செய்யும்?

பாரதத்தில் சந்தேகம் வராத இடம் குறைவு. குறிப்பாகப் போர் விதி.

வியாச பாரதத்தில் பீஷ்ம பருவத்தின் தொடக்கத்தில் இரு தரப்பும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். தேர்வீரன் தேர்வீரனோடு, யானைவீரன் யானைவீரனோடு, குதிரைவீரன் குதிரைவீரனோடு, காலாள் காலாளோடு மட்டுமே போரிட வேண்டும். அறைகூவிய பிறகே அடிக்க வேண்டும். வேறொருவனோடு போரிட்டுக்கொண்டிருப்பவனையும், புறமுதுகிட்டவனையும், ஆயுதம் இழந்தவனையும் தொடக் கூடாது. சாரதி, ஆயுதம் சுமப்பவன், முரசு அடிப்பவன், சங்கு ஊதுபவன் மேல் கை வைக்கக் கூடாது. அன்றைய போர் முடிந்தால் பகையும் அன்றைக்கு முடிந்தது.

இவ்வளவு தெளிவான விதி எத்தனை நாள் தாங்கியது? பதின்மூன்றாம் நாள் அபிமன்யு ஒருவனைப் பல மகாரதர்கள் சூழ்ந்து கொன்றார்கள். பதினான்காம் நாள், சாத்தியகியோடு போரிட்டுக்கொண்டிருந்த பூரிசிரவஸின் கையை அருச்சுனன் அம்பால் அறுத்தான். அன்று சூரியன் மறைந்த பிறகும் போர் நிற்கவில்லை. பதினைந்தாம் நாள் துரோணர், பதினேழாம் நாள் தேர்ச்சக்கரம் புதைந்த நிலையில் கர்ணன். எந்தப் பக்கம் முதலில் மீறியது என்று கேட்டால் இரண்டு பக்கமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. பூரிசிரவஸ் கை அறுந்த நிலையில் அருச்சுனனை நியாயம் கேட்கிறான். 'என்னை நம்பி வந்தவனை உன் வாளுக்கு விட்டுவிட முடியுமா?' என்ற பொருளில் அருச்சுனன் பதில் சொல்கிறான். விதியில் இல்லாத ஒரு கடமையைக் காட்டி விதியை விளக்குகிறான். இதை ஏற்பதும் ஏற்காததும் கேட்பவர் பாடு.

அடுத்தது மந்திர விதி. பாரதத்தின் அஸ்திரங்கள் எல்லாமே மந்திரம் சொல்லி ஏவுபவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு.

இந்திரன் கவச குண்டலத்தை வாங்கிக்கொண்டு கர்ணனுக்குக் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒருவனைத்தான் கொல்லும். பிறகு இந்திரனிடமே திரும்பிவிடும். அருச்சுனனுக்கென்று வைத்திருந்ததை அந்த இரவுப் போரில் கடோத்கசன் மேல் விட வேண்டியதாயிற்று.

அசுவத்தாமன் ஏவிய நாராயண அஸ்திரத்துக்கு எதிர் அஸ்திரம் கிடையாது. ஆயுதத்தைக் கீழே போட்டுத் தேரிலிருந்து இறங்கினால் அது ஒன்றும் செய்யாது. எதிர்த்தால் வலுக்கும். பீமன் மட்டும் மறுத்து நிற்க, கண்ணனும் அருச்சுனனும் அவனைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். துரியோதனன் மீண்டும் ஏவச் சொன்னபோது, இரண்டாம் முறை ஏவினால் ஏவியவனையே கொல்லும் என்று அசுவத்தாமன் கையை விரித்தான்.

போர் முடிந்த பிறகு அதே அசுவத்தாமன் ஒரு புல்லை எடுத்து மந்திரித்து பிரம்மசிரஸ் அஸ்திரத்தை ஏவினான். அருச்சுனனும் பதிலுக்கு ஏவினான். வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நின்று, திரும்பப் பெறுங்கள் என்றார்கள். அருச்சுனன் திரும்பப் பெற்றான். அசுவத்தாமனால் முடியவில்லை. ஏவுவதற்கு மந்திரம் போதும், மீட்பதற்குத் தவ ஒழுக்கம் வேண்டும் என்பது விதி.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். பதினேழாம் நாள் கர்ணன் நாகாஸ்திரத்தை விட்டான். கண்ணன் தேரை மண்ணில் அழுத்தினான். அம்பு அருச்சுனனின் கழுத்தைத் தவறவிட்டு மகுடத்தைத் தட்டிச் சென்றது. 'மீண்டும் என்னை ஏவு' என்று அந்த நாகமே வந்து கேட்டது. கர்ணன் ஏவவில்லை. ஏன்?

வியாசரில் கர்ணன் சொல்லும் காரணம் வீரனின் மானம். இன்னொருவன் வலிமையை நம்பி வெல்ல மாட்டேன், ஒரே அம்பை இரண்டு முறை தொடுக்கவும் மாட்டேன் என்கிறான். தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் வேறு பதில் வரும். குந்தி கேட்ட வரம். நாகாஸ்திரத்தை ஒரு முறைக்கு மேல் விடாதே, அருச்சுனனைத் தவிர மற்ற தம்பியரைக் கொல்லாதே என்று தாய் கேட்டாள், மகன் கொடுத்தான். வியாசரில் நால்வரைக் கொல்ல மாட்டேன் என்ற வாக்கு மட்டும்தான் உண்டு. நாகாஸ்திர வரம் வில்லிபுத்தூரார் வழியாக நம்மிடம் வந்தது. 1964இல் வந்த 'கர்ணன்' படம் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

ஒரே விதி, இரண்டு விளக்கம். ஒன்றில் கர்ணன் தன் மானத்துக்காகச் சாகிறான். மற்றதில் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகச் சாகிறான். நம் மக்களின் மனத்தில் எது நின்றது என்று பாருங்கள்.

அந்த வில்லிபுத்தூராருக்கும் நம் திருவண்ணாமலைக்கும் ஒரு கதை உண்டு. அவர் புலவர்களை வாதுக்கு அழைப்பார். இருவர் காதிலும் துறட்டி மாட்டியிருக்கும். ஒருவர் பாட, மற்றவர் உடனே பொருள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காது அறுபடும். இது போட்டி விதி. நம் அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாடினார். வில்லிபுத்தூரார் ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். 54ஆம் பாட்டு முழுக்கத் தகர வருக்கத்திலேயே அமைந்தது. அதற்குப் பொருள் சொல்ல முடியாமல் நின்றார். விதிப்படி காதை அறுக்கலாம். அருணகிரியார் அறுக்கவில்லை. தாமே பொருள் சொல்லிக்கொடுத்து, இனி யாரையும் இப்படித் துன்புறுத்த வேண்டாம் என்று துறட்டியைக் கீழே போட வைத்தார். இது செவிவழிக் கதை. ஆனால் விஜயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் 1422 முதல் 1446 வரை ஆண்டான். பிரபுடதேவ மன்னன் பெயர் திருப்புகழிலேயே வருவதால் அருணகிரியாரை அந்தக் காலத்தவராகக் கொள்கிறார்கள். வில்லிபுத்தூராரையும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் வைக்கிறார்கள்.

பேத்தியின் 'மந்திரம் கலையுமா' கேள்விக்கும் நம் கூத்தில் பதில் இருக்கிறது. 'பதினெட்டாம் போர்' கூத்தில் துரியோதனன் மடுவுக்குள் மூழ்கி, இறந்த சேனையை எழுப்பும் மந்திரத்தைச் செபிக்கிறான். அவன் வெளியே வராமல் செபித்து முடித்துவிட்டால் மாண்டவர் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். பீமன் கரையில் நின்று என்ன செய்தான்? கல்லால் அடிக்கவில்லை, திட்டினான். மானமுள்ள துரியோதனனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்தான், மந்திரம் போயிற்று. அடி பட்டால் மனம் கலையும் என்று அமெரிக்க விதி கணக்குப் போடுகிறது. சொல்லாலும் கலையும் என்று கூத்து காட்டுகிறது.

பிறகு கதாயுதப் போர். இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. பீமன் தொடையில் அடித்தான். வியாச பாரதத்தில் இருவருக்கும் கதைப் போர் கற்றுத்தந்த பலராமர் அங்கேயே இருக்கிறார். கோபத்தில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு பீமனை அடிக்கப் பாய்கிறார். கண்ணன் அவரைக் கட்டிப்பிடித்துத் தடுத்து விளக்கம் சொல்கிறான். சபையில் பீமன் செய்த சபதம் இருக்கிறது, மைத்ரேய முனிவரின் சாபம் இருக்கிறது என்று அடுக்குகிறான். பலராமர் ஏற்கவில்லை. பீமனை உலகம் முறைதவறிப் போரிட்டவன் என்றே சொல்லும் என்று சொல்லிவிட்டுத் துவாரகைக்குத் தேர் ஏறிவிட்டார்.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் நிறுத்துகிற இடம் இது. வென்றவர்களின் கதை இது. வென்றவர்கள் பக்கம் நின்றவன் கண்ணன். அப்படியிருந்தும் பலராமரின் எதிர்ப்பை வியாசர் நீக்கவில்லை. தீர்ப்பு ஒரு பக்கம் போனது. மறுப்பும் கூடவே பதிவாகி நிற்கிறது.

மேல்நாட்டில் இதே சிக்கல் வேறு வழியில் வந்தது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளுக்குப் பயிற்சி தர வரைபடத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை அமைத்தார். பகடை, அட்டவணை, நடுவர் எல்லாம் உண்டு. விதிகள் பெருகிப் பெருகி ஆட்டமே நகராமல் போயிற்று. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, அட்டவணையைத் தள்ளிவைத்து அனுபவமுள்ள நடுவரின் முடிவுக்கே விட்டுவிடலாம் என்று எழுதினார். எல்லாவற்றையும் எழுதிவைப்பதா, நல்ல நடுவரை நம்புவதா? பேத்தியின் மேசையில் நடப்பதும் இதே வழக்குதான். அவளுக்கு நான் சொன்னது: நடுவர் எந்த முடிவும் சொல்லட்டும், ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். இன்று உன் தோழிக்குச் சொன்ன காரணம் நாளை உனக்கும் பொருந்த வேண்டும். ஏற்காதவளைப் பேச விடுங்கள்.

என் கவலை வேறொன்று. படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. தொடையில் அடி விழுந்து, பாஞ்சாலி கூந்தல் முடிப்பதை எல்லாரும் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். பிற்பகலில் பிரசங்கியார் பொருள் சொல்லும்போது பந்தலில் சில பெரியவர்கள்தான் இருக்கிறார்கள். அடியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு, ஜெயித்தால் எதுவும் சரி என்றுதான் புரியும். பலராமர் கலப்பையோடு நின்றதை யார் அவனுக்குச் சொல்வது?

அடுத்த சித்திரையில் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ பாரதம் வைத்தால், ஒரு நாளாவது பிள்ளைகளைப் பிற்பகலிலேயே பந்தலுக்கு அழைத்துப் போங்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள். பாட்டு முடிந்ததும் பிரசங்கியாரிடம் ஒரு கேள்வியாவது கேட்கச் சொல்லுங்கள்: 'ஐயா, பீமன் தொடையில் அடித்தது சரியா?' அவர் சொல்கிற பதில் எனக்கும் வேண்டும். கேட்டு வந்து எழுதுங்கள்.