பழைய கார்களின் பிரேக் விளக்கு வரலாறு

பிரேக் விளக்கு என்பது ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது வாகனத்தின் பின்புறம் எரியும் சிவப்பு விளக்கு ஆகும். முன்னே செல்லும் வண்டி வேகம் குறைக்கிறது என்பதைப் பின்னால் வருபவருக்கு இது உடனே தெரிவிக்கிறது. 1950, 1960களில் செய்யப்பட்ட கார்களில் இவ்விளக்குகள் சிறியவை, மங்கலானவை, தரைக்கு அருகே பொருத்தப்பட்டவை. அக்காலத்து வேகத்திற்கும் நெரிசலுக்கும் அவை போதுமானவையாக இருந்தன. இன்றைய சாலைக்கு அவை போதா.

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி செல்லும் சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசுப் பெட்டிகளும் அச்சுக்கூடங்களின் காகிதக் கட்டுகளும் ஏற்றிய லாரிகள் இவ்வழியே இரவிலும் செல்கின்றன. சுமையேற்றிய லாரி நிற்பதற்குக் காரைவிட அதிகத் தொலைவு தேவை. அதன் முன்னே செல்லும் தாழ்ந்த பழைய காரின் விளக்கு கண்ணில் படுவதும் படாததும் உயிர் தொடர்பான செய்தியாகும்.

கை அடையாளத்திலிருந்து விளக்கிற்கு

தொடக்க கால மோட்டார் வாகனங்களில் ஓட்டுநரின் வலக்கையே பிரேக் விளக்காக இருந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் கையை மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைகிறது என்று பொருள். முன்கையை நிமிர்த்திக் காட்டினால் வண்டி நிற்கப்போகிறது என்று பொருள். இந்தியாவின் 1989ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குவிதிகளிலும் இந்த அடையாளங்கள் இடம்பெற்றன. இருட்டில் கை தெரியாது என்பதே இம்முறையின் பெருங்குறை. மின்விளக்கு அக்குறையைப் போக்கியது. முதலில் ஒற்றை விளக்காக வந்த பிரேக் விளக்கு, பிற்காலத்தில் இடமும் வலமுமாக இரண்டாகியது.

சென்னையின் ஹெரால்டும் அதன் உறவினரும்

தமிழ்நாட்டில் பழைய கார் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதனை 1961 முதல் உற்பத்தி செய்தது. இதன் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதனை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் மிக்கெலோட்டி வடிவமைத்த இரு இருக்கை விளையாட்டுக் காரே 1962இல் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஆகவே சென்னைத் தெருக்களில் ஓடிய குடும்பக் காரும் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் போற்றும் விளையாட்டுக் காரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இத்தகைய கார்களின் பின்விளக்கில் பொதுவாக இரண்டு இழைகள் கொண்ட ஒரே பல்பு இருக்கும். சுமார் 5 வாட் இழை இரவு முழுவதும் எரியும். 21 வாட் இழை பிரேக் மிதிக்கும்போது மட்டும் எரியும். இரண்டும் ஒரே சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், இரவில் பின்னால் வருபவர் ஒரு புதிய விளக்கைக் காண்பதில்லை. எரிந்துகொண்டிருக்கும் விளக்கு சற்றுக் கூடுதலாக ஒளிர்வதையே காண்கிறார். அந்த வேறுபாடு குறைந்துவிட்டால் பிரேக் விளக்கு இருந்தும் இல்லாதது போலாகும்.

மங்கலுக்குக் காரணம்

அரை நூற்றாண்டு கடந்த காரில் அந்த வேறுபாடு குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. பல்புக்குப் பின்னுள்ள வெள்ளிப் பூச்சு கறுத்துப்போகிறது. சிவப்புக் கண்ணாடி வெயிலில் மங்குகிறது. பல்பு ஹோல்டரிலும் எர்த் இணைப்பிலும் துரு பிடிக்கிறது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே பெரிதும் கவனிக்கப்படாதது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் அளவிலேயே குறைவதில்லை. அதைவிடப் பன்மடங்கு வேகமாகக் குறைகிறது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். புதிய பல்பு வாங்குவதற்கு முன் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் சொல்வது இதனால்தான்.

மத்தாப்பு கற்பிக்கும் பாடம்

இழை பல்பு எல்லா நிற ஒளியையும் வெளியிடுகிறது. சிவப்புக் கண்ணாடி அவற்றுள் சிவப்பை மட்டும் வெளியே விட்டு, மற்றவற்றைத் தடுத்துவிடுகிறது. அதனால் செலவாகும் மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியே பயன்படும் ஒளியாகிறது.

திருத்தங்கல், சிவகாசி வட்டாரம் நன்கறிந்த சிவப்பு மத்தாப்பு வேறு வகையில் செயல்படுகிறது. அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் உப்புகள் எரியும்போது சிவப்பு ஒளியையே பிறப்பிக்கின்றன. அங்கே வடிகட்டும் கண்ணாடி எதுவும் இல்லை. சிவப்பு எல்.இ.டி. விளக்கிலும் வெப்பமின்றி இதுவே நிகழ்கிறது. ஆகவே சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி.யைப் பொருத்துவதைவிடச் சிவப்பு எல்.இ.டி.யைப் பொருத்துவதே பொருத்தமானது. வெள்ளை ஒளியின் பெரும்பகுதி கண்ணாடியிலேயே வீணாகும்.

எல்.இ.டி.க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இழை பல்பு சூடேறி முழு ஒளி பெற ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. எல்.இ.டி. கண நேரத்தில் எரிகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 0.2 நொடியில் சுமார் 4.4 மீட்டர் கடக்கும். மோதலுக்கும் தப்புவதற்கும் இடையே பல வேளைகளில் இருப்பது அந்தத் தொலைவே.

மூன்றாவது விளக்கின் பிறப்பு

ஒளியைக் கூட்டுவதைவிட விளக்கின் இடத்தை மாற்றுவது முக்கியம் என்பதை அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. உளவியலாளர் ஜான் வோவோட்ஸ்கி, சான் பிரான்சிஸ்கோ நகரின் 343 டாக்சிகளில் பின்புறம் நடுவே கூடுதல் எச்சரிக்கை விளக்கு ஒன்றைப் பொருத்தினார். விளக்கில்லாத டாக்சிகளோடு ஒப்பிட்டபோது, பின்னாலிருந்து மோதும் விபத்துகள் சுமார் 60 விழுக்காடு குறைந்திருந்தன. இம்முடிவு 1974இல் வெளியானது. தொடர்ந்து நடந்த ஆய்வுகளின் பயனாக, 1985 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் செய்யப்படும் புதிய கார்களுக்கு உயரத்தில் அமைந்த நடு பிரேக் விளக்கு கட்டாயமாயிற்று.

எல்லாக் கார்களிலும் அவ்விளக்கு வந்தபின் அதன் பயன் குறைந்தது. 1987இல் 8.5 விழுக்காடாகக் கணக்கிடப்பட்ட விபத்துக் குறைவு, பின்னர் 4.3 விழுக்காடு அளவில் நிலைபெற்றதாக அந்நாட்டு அரசின் 1998ஆம் ஆண்டு ஆய்வறிக்கை கூறுகிறது. புதுமை கண்ணை ஈர்க்கும். பழகியது அந்த அளவுக்கு ஈர்க்காது. ஆயினும் செலவு மிகக் குறைவான ஒரு விளக்கிற்கு இதுவே பெரும் பயன் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது.

பழைய காரில் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து பழைய கார் வைத்திருப்போர் பெறும் வழிமுறைகள் எளியவை.

முதலில் எர்த் இணைப்பு, ஹோல்டர், வெள்ளிப் பூச்சு ஆகியவற்றைச் சீர்செய்ய வேண்டும். அடுத்து பிரேக் சுவிட்சைச் சோதிக்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அது பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும். தேய்ந்துபோனால் அழுத்தி மிதித்தால்தான் விளக்கு எரியும். ஒரு ரிலே பொருத்தினால் சுவிட்சின் சுமை குறையும்.

எல்.இ.டி. பல்பு போடுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியக் கார்கள் பலவற்றில் 1960களின் பிற்பகுதி வரை பேட்டரியின் நேர்முனையே எர்த்தாக இருந்தது; அத்தகைய கார்களில் சாதாரண எல்.இ.டி. எரியாது. பின்விளக்கு ஒளிக்கும் பிரேக் ஒளிக்கும் இடையே தெளிவான வேறுபாடு உள்ளதா என்பதை இருட்டில் சில மீட்டர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, பின்கண்ணாடியின் உட்புறம் எளிதில் கழற்றக்கூடிய மூன்றாவது விளக்கைப் பொருத்தலாம். லாரி ஓட்டுநரின் உயரமான இருக்கையிலிருந்தும் அது தெரியும். உடலில் துளையிடத் தேவையில்லை. காட்சிக்கு வைக்கும்போது எடுத்துவிடலாம்.

பழமையும் பாதுகாப்பும்

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவுசெய்யும் விதிகளை இந்திய அரசு 2021இல் வெளியிட்டது. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே காக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் அடிப்படை. பல்பை மாற்றுவதும் கழற்றக்கூடிய விளக்கைச் சேர்ப்பதும் இம்மூன்றையும் தொடுவதில்லை.

பழைய காரைக் காப்பது என்பது அதன் வடிவத்தைக் காப்பது மட்டுமன்று. அதில் செல்வோரையும் காப்பதாகும். ஒரு காலத்தில் ஓட்டுநரின் கை செய்த வேலையை விளக்கு ஏற்றுக்கொண்டது. அந்த வேலையை இன்றைய சாலையிலும் அது செய்யும்படி வைத்திருப்பது, அந்தக் காரை உருவாக்கியவர்களின் நோக்கத்திற்கு மாறானதன்று.